"ஃபார்மட் போட்ருங்க" என்று சொல்வதற்கு முன்னாடி

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரைக்குமான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் மட்டும் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். எங்க வீடு அந்தப் பக்கம்தான். நான் அப்போ ஹாஸ்டலில், மூன்றாவது செமஸ்டர்.

கரண்ட் போய், வந்து, திரும்பப் போய், ஒருவழியாக நின்று நிலைத்த பிறகு அப்பா வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணியிருக்கிறார். நீலத் திரை. மறுபடி ஆன் பண்ணினால் மறுபடி நீலத் திரை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "சிஸ்டம் ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார், ஓஎஸ் போடணும். சி டிரைவ்ல முக்கியமானது ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு சி டிரைவ் என்றால் என்ன என்று தெரியாது. "பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், கேட்டுச் சொல்றேன்" என்று எனக்கு போன் போட்டார்.

நான் லேபுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். "ஃபார்மட் போட்டுடச் சொல்லுங்கப்பா, சரியாயிடும்" என்றேன். மொத்தமே பத்து செகண்ட் பேச்சு.

அந்தப் பத்து செகண்டில் போனது இதெல்லாம்: அப்பா அளத்தில் கணக்குப் பார்ப்பவர், ஆறு சீசனாக எக்செல்லில் அவர் போட்டு வைத்திருந்த மூட்டைக் கணக்கு, ஆட்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கணக்கு. அதோடு, இறந்துபோன எங்க ஆயா பேசினதை நான் பத்தாவது படிக்கும்போது மொபைலில் ரெக்கார்ட் பண்ணி டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்த நாற்பது நிமிஷம். அட்வான்ஸ் கணக்கை அப்பா ஒவ்வொருத்தரிடமும் போய்க் கேட்டு, அவங்க சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். ஆயாவை யாரிடம் போய்க் கேட்பது?

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. எட்டே நாளில் அதே நீலத் திரை திரும்ப வந்தது. பொங்கல் லீவில் நான் போய் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரேம் ஸ்டிக்கின் தங்க நிறப் பட்டையில் பச்சையும் கருப்புமாக ஒரு படிவு. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, திரும்ப அழுத்தி மாட்டினேன். அன்றிலிருந்து இன்று வரை அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அதாவது, அந்த ஃபார்மட் தேவையே இல்லை. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் "முக்கியமானது இருக்கா" என்று கேட்டார். கேட்காமல் பதில் சொன்னவன் நான்தான். இந்தக் கட்டுரை அந்த பதிலைப் பற்றியது. ஏனென்றால் அதே பதிலைத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நமக்குத் தெரிந்ததும் தெரியாததும்

அடுத்த செமஸ்டரில் எனக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர் வந்தது. அண்ணா பல்கலைக்கழக ஆர்-2021 பாடத்திட்டத்தில் சிஎஸ்இ-க்கு நான்காவது செமஸ்டர். டெட்லாக், பேஜிங், டிஸ்க் ஷெட்யூலிங், ஃபைல் சிஸ்டம் எல்லாம் படித்தோம். பேங்கர்ஸ் அல்காரிதத்துக்கு 13 மார்க் கணக்கு போட நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் "ஃபார்மட்" என்பார்கள், மீதிப் பேர் "எஸ்எஸ்டி மாத்திடு" என்பார்கள்.

வைத்தியர் ஒருத்தர் வயிற்று வலி என்று வருகிறவனுக்கெல்லாம் எடுத்தவுடன் ஆபரேஷன் என்று சொன்னால் அவரை நாம் என்ன சொல்வோம்?

உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த விஷயம் நம்மைவிட நன்றாகத் தெரியும். மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரை வெளியேற்றி, சேற்றை வாரி, தரையை மிதித்து இறுக்கி, முழு அளத்தையும் புதுசாகத் தயார் பண்ணுவார்கள். அது வருஷத்துக்கு ஒருமுறை, வேறு வழியில்லை என்பதால். நடு சீசனில் ஒரு வரப்பு உடைந்தால் அதற்காக மொத்த அளத்தையும் கலைக்க மாட்டார்கள். உடைந்த வரப்பைக் கட்டுவார்கள். எங்கே உடைந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நாமோ வரப்பு உடைந்ததா, வாய்க்கால் அடைத்ததா என்று பார்க்காமலேயே அளத்தைக் கலைக்கிறோம்.

ஒரு ஃபைல், 85 லட்சம் கம்ப்யூட்டர்

"இவ்வளவு யோசிக்க நேரமில்லை, ஃபார்மட்தான் வேகம்" என்பவர்களுக்கு 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்துகிறேன். அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு அப்டேட் ஃபைலை அனுப்பியது. அந்த ஃபைலில் பிழை. அதைப் படித்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நீலத் திரைக்குப் போயின. 78 நிமிஷத்தில் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதற்கு என்ன தீர்வு கொடுத்தார்கள்? சேஃப் மோடில் போய், சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற ஃபோல்டரைத் திறந்து, சி-00000291 என்று தொடங்கும் ஃபைலை அழிக்க வேண்டும். அப்புறம் ரீஸ்டார்ட். அவ்வளவுதான். உலகம் முழுக்க ஐடி ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய் அதைத்தான் செய்தார்கள். அன்று நம் பாணியில் எல்லாவற்றையும் ஃபார்மட் போட்டிருந்தால் எத்தனை மருத்துவமனைகள், எத்தனை வங்கிகளின் வேலை இன்னும் எத்தனை நாள் நின்றிருக்கும்?

நீலத் திரை வந்தாலே விண்டோஸ் மொத்தமும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சில சமயம் ஒரே ஒரு ஃபைல். சில சமயம் எங்க வீட்டில் மாதிரி, ஃபைலே இல்லை.

பத்திர ஆபீஸ் கதை

ஃபைல் பழுதாகிவிட்டது என்று விண்டோஸுக்கு எப்படித் தெரிகிறது? இதைப் புரிந்துகொண்டால் கட்டளைகளை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பீரோவில் ஒரு பத்திரம் இருக்கிறது. அதை யாராவது திருத்திவிட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சார்பதிவாளர் ஆபீஸில் இருக்கிற பதிவோடு ஒப்பிட வேண்டும். விண்டோஸிலும் அப்படி ஒரு பதிவு ஆபீஸ் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு ஃபோல்டர். காம்போனென்ட் ஸ்டோர் என்பது இதுதான். ஒவ்வொரு சிஸ்டம் ஃபைலும் எப்படி இருக்க வேண்டும் என்ற ஹாஷ் விவரம் அங்கே இருக்கிறது.

எஸ்எஃப்சி, அதாவது சிஸ்டம் ஃபைல் செக்கர், இந்த ஒப்பிடும் வேலையைச் செய்கிறது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்தப் பெயரில் ஒரு கருவி உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்" என்று கொடுத்தால் ஒவ்வொரு ஃபைலாக ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஸ்டோரில் இருந்து நல்ல பிரதியை எடுத்து வைக்கும்.

இங்கேதான் நம்ம பாடப்புத்தகம் உதவிக்கு வருகிறது. ஹார்ட் லிங்க் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே டேட்டாவுக்கு இரண்டு பெயர். சிஸ்டம்32-இல் நீங்கள் பார்க்கும் பல ஃபைல்களும் வின்எஸ்எக்ஸ்எஸ்-இல் இருக்கும் ஃபைல்களும் உண்மையில் ஹார்ட் லிங்க்தான். டிஸ்க்கில் அந்த இடம் கெட்டால் பீரோவில் இருந்ததும் ஆபீஸில் இருந்ததும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும். அதனால்தான் எஸ்எஃப்சி பல சமயம் "பழுதைக் கண்டுபிடித்தேன், ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்று கைவிரிக்கிறது. நம்ம ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு "எஸ்எஃப்சி எல்லாம் வேஸ்ட் மச்சி" என்று ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

வேஸ்ட் இல்லை. ஆபீஸ் பதிவே கரையான் அரித்திருக்கிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. அப்போ என்ன செய்ய வேண்டும்? தலைமை ஆபீஸில் இருந்து புதுப் பிரதி வாங்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் டிஸ்ம். விண்டோஸ் 8-இல் இருந்து "டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்" என்ற கட்டளை இருக்கிறது. அது விண்டோஸ் அப்டேட் சர்வரில் இருந்து நல்ல பிரதியை இறக்கி ஸ்டோரைச் சரிசெய்யும். நெட் இல்லையென்றால் அதே பதிப்பின் ஐஎஸ்ஓ ஃபைலை மூலமாகக் காட்டலாம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி. மைக்ரோசாஃப்ட் சொல்வதும் இந்த வரிசைதான். நடுவில் ஏதாவது ஒரு சதவீதத்தில் பல நிமிஷம் நின்ற மாதிரி இருக்கும். பொறுமையாக இருங்கள், ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

எஸ்எஃப்சி "எந்தப் பழுதும் இல்லை" என்று சொன்னால்? அதுவும் ஒரு விடைதான். பிளட் டெஸ்ட்டில் டெங்கு இல்லை என்று வந்தால் டெஸ்ட் வீண் என்று யாரும் சொல்வதில்லை. சிஸ்டம் ஃபைல் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ என்று தெரிந்துகொண்டோம்.

உப்புக் காற்றின் பங்கு

வேறெங்கோ என்றால் எங்கே? எங்க கடற்கரையில் இதற்கு ஒரு தனி பதில் இருக்கிறது.

சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் குறைந்த ஈரத்திலேயே, 33 சதவீதம் வாக்கில், இழுக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்வது இதனால்தான். உப்பளக் காற்று கம்ப்யூட்டருக்குள் ஃபேன் வழியாகப் போகும்போது அந்த நுண்ணிய உப்பும் கூடவே போகிறது. ஈரமான இரவில் அது போர்டின் மேல் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலமாக ஆகிறது. குளோரைடு உலோகத்தை அரிக்கும் என்று முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் அரிமானப் பாடத்தில் படித்துவிட்டு அதோடு மறந்துவிட்டோம்.

ரேமின் தொடர்புப் பட்டை அரித்தால் என்ன ஆகும்? டிஸ்க்கில் ஃபைல் சரியாக இருக்கும். ஆனால் மெமரிக்கு ஏறும்போது ஒரு பிட் மாறிவிடும். விண்டோஸ் "ஃபைல் கரப்ட்" என்று சொல்லும். அதைவிட மோசம், அந்தத் தப்பான பிட்டோடு எதையாவது திரும்ப டிஸ்க்கில் எழுதினால் அப்போ உண்மையாகவே ஃபைல் கெட்டுவிடும். இப்படிப்பட்ட மெஷினில் புது விண்டோஸ் போட்டால், அந்தப் புது விண்டோஸும் பழுதான மெமரி வழியாகத்தான் எழுதப்படும். எட்டு நாளில் திரும்ப வந்ததில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவது, மின்வெட்டு. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய ஃபைல் பாதியிலேயே நிற்கும். என்டிஎஃப்எஸ் ஜர்னலிங் ஃபைல் சிஸ்டம்தானே என்று கேட்கலாம். ஜர்னல் காப்பாற்றுவது மெட்டாடேட்டாவை, அதாவது ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கை. ஃபைலுக்குள் இருப்பதற்கு அது பொறுப்பு இல்லை. கடலோர வீட்டில் டெஸ்க்டாப் வைத்திருக்கிறவர்கள் யுபிஎஸ் வாங்குவது ஆடம்பரம் இல்லை என்பது என் கருத்து.

என் வரிசை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். ஊரில் பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் பார்த்திருப்பேன், பெரும்பாலும் இதே வரிசைதான்.

முதலில் காப்பி. எந்தக் கட்டளையும் கொடுப்பதற்கு முன்னால், உபுண்டு லைவ் பென்டிரைவில் பூட் பண்ணி, யூசர்ஸ் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொள்கிறேன். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் "சி டிரைவில் என்ன இருக்கு" என்று கேட்காதீர்கள். "இதில் போட்டோ பார்ப்பீங்களா? கணக்கு எழுதுவீங்களா? எங்க கிளிக் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். எங்க அப்பாவிடம் நான் இதைக் கேட்டிருந்தால் போதும்.

லைவ் பென்டிரைவில் டிரைவ் திறக்காமல் சாவி கேட்டால் அது பிட்லாக்கர். புது லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் பண்ணினவுடன் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. 48 இலக்க ரெக்கவரி கீ அந்த அக்கவுண்டில் இருக்கும். மெஷின் நன்றாக ஓடும்போதே அதை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவி ஸ்மார்ட் விவரத்தைக் காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர், காத்திருக்கும் செக்டர் என்ற எண்கள் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் செக்டிஸ்க் /ஆர் ஓட்டி மணிக்கணக்கில் இன்னும் அலைக்கழிக்காதீர்கள். காப்பி எடுத்தாச்சா என்று பார்த்துவிட்டு டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி.

மூன்றாவது, மெமரி. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. ஒரு பிழை காட்டினாலும் ரேமைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மறுபடி ஓட்ட வேண்டும். கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள், லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும்.

நான்காவதுதான் டிஸ்ம், எஸ்எஃப்சி. விண்டோஸே திறக்கவில்லை என்றால், ரெக்கவரி திரைக்குள் போய் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எஸ்எஃப்சியை ஆஃப்லைனாக ஓட்டலாம். அங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கும், சி என்று நினைத்தது டி ஆக இருக்கும். முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மேலேயே திரும்ப விண்டோஸ் போடுவது. ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப் ஓட்டி, "ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிஸ்டம் ஃபைல்கள் எல்லாம் புதுசாகிவிடும், உங்கள் பொருள் எதுவும் போகாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரிக்குள் போனால் இதற்கு ஒரு பட்டனே இருக்கிறது. இதையும் தாண்டிச் சரியாகவில்லை என்றால், சரி, இப்போ ஃபார்மட் போடுங்கள். ஆறாவது படி அது.

"டிஎல்எல் காணோம்" என்று பிழை வந்தால் கூகுளில் தேடி ஏதோ ஒரு தளத்தில் இருந்து அந்த டிஎல்எல்லை இறக்கி ஒட்டாதீர்கள். எம்எஸ்விசிபி140 என்று வந்தால் அது விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் பேக்கேஜைச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்து அந்தப் பேக்கேஜைத் திரும்பப் போட்டால் முடிந்தது. ரெஜிஸ்ட்ரி கிளீனர், "ஒரே கிளிக்கில் ரிப்பேர்" என்று விளம்பரம் வருவதையெல்லாம் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டால்? உடனே அந்த மெஷினை நிறுத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கொஞ்சம் மீட்டுத் தரும். எஸ்எஸ்டி என்றால் டிரிம் கட்டளை அழித்த இடங்களைச் சுத்தமாகத் துடைத்துவிடுவதால் நம்பிக்கை மிகக் குறைவு. எங்க மெஷினில் எட்டு நாள் புது விண்டோஸ் எழுதி முடித்த பிறகுதான் ஃபோட்டோரெக் ஓட்டினேன். கொஞ்சம் போட்டோ வந்தது, பெயரெல்லாம் போய் எண்களாக. ஆயா குரல் வரவில்லை.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

இதைப் படித்துவிட்டு ரிப்பேர் கடைக்காரர்களைத் திட்டாதீர்கள். ஓஎஸ் போட்டால் ஒரு மணி நேரத்தில் மெஷினைக் கையில் கொடுத்து நானூறு ஐந்நூறு வாங்கலாம். நான் சொன்ன வரிசையில் போனால் அரை நாள் ஆகும், கடைசியில் சரியாகாமலும் போகலாம். "என்ன பழுதுன்னு கண்டுபிடிச்சேன்" என்பதற்கு நம் ஊரில் யார் காசு கொடுக்கிறார்கள்? வாடகை கட்ட வேண்டியவர் வேகமான வழியைத்தான் எடுப்பார்.

ஃபார்மட்டே சரி என்ற இடங்களும் இருக்கின்றன. வைரஸ் ஆழமாக இறங்கிவிட்டால், காப்பி எடுத்துவிட்டுச் சுத்தமாகத் துடைப்பதுதான் பாதுகாப்பு. யாரோ வெட்டி ஒட்டித் தயாரித்த "லைட்" விண்டோஸ் போட்டிருந்தால் அதில் காம்போனென்ட் ஸ்டோரையே குறைத்திருப்பார்கள், எஸ்எஃப்சிக்கு ஒப்பிடவே ஆளிருக்காது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: அந்த மாதிரி விண்டோஸை ஊர் முழுக்கப் பரப்பினது பெரும்பாலும் நாம்தான், பென்டிரைவோடு லீவுக்குப் போகிற நாம்.

ஆனால் கடைக்காரருக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. நேரம். வாடகைக் கவலை இல்லாத ஒரு சனிக்கிழமை.

அப்போ என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்கள் லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். தொடக்க கால மாடல்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? விண்டோஸ் படுத்தபோது அதே மெஷினில் இருந்த லினக்ஸ் வழியாகப் போய் ஃபைலைக் காப்பாற்றலாம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. மெஷின் கொடுத்தார்கள், பழுது பார்க்கும் பழக்கத்தைக் கொடுக்கவில்லை. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அரசு அறிவித்தது. அந்த மெஷின்களும் ஒருநாள் நீலத் திரை காட்டும். அப்போதும் இதே கதைதானா?

நெதர்லாந்தில் 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் ரிப்பேர் கஃபே என்று ஒன்று தொடங்கினார்கள். ஊர் ஆட்கள் பழுதான பொருளைக் கொண்டுவருவார்கள், தெரிந்தவர்கள் கூட உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார்கள், பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுக்கவும் செய்வார்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். என்எஸ்எஸ் ஏழு நாள் கேம்ப் ஒவ்வொரு வருஷமும் போகிறோம். மரம் நடுகிறோம், கோயில் வளாகம் கூட்டுகிறோம். அதில் ஒரே ஒரு நாள், பள்ளிக்கூடத் திண்ணையில் இரண்டு மேஜை, நாலு பென்டிரைவ், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். "உங்க வீட்டு கம்ப்யூட்டரைக் கொண்டாங்க, முதல்ல போட்டோ, கணக்கு எல்லாம் காப்பி எடுத்துத் தர்றோம், அப்புறம் என்ன பழுதுன்னு பாக்குறோம்" என்று ஒரு போர்டு. இதற்கு அனுமதி வாங்க ஒரு லெட்டர் போதும்.

ஓஎஸ் லேபிலும் ஒரு பயிற்சி சேர்க்கலாம். ஒரு விர்ச்சுவல் மெஷினில் வேண்டுமென்றே ஒரு சிஸ்டம் ஃபைலைக் கெடுத்துக் கொடுங்கள். ஃபார்மட் போடாமல் சரிசெய்பவனுக்கு மார்க். லாக் ஃபைலைப் படித்து எந்த ஃபைல் கெட்டது என்று சொல்பவனுக்குக் கூடுதல் மார்க். ஷெட்யூலிங் அல்காரிதத்தை சி-யில் எழுதுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இதுவும் இருக்கட்டும் என்கிறேன்.

நம்ம வீட்டில் நாம்தான் முதல் தலைமுறை இன்ஜினியர். "பையன் படிக்கிறான், அவனைக் கேட்டுச் சொல்றேன்" என்று கடையில் நின்று போன் போடுகிற அப்பாக்கள் நமக்கெல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் ஒரு வார்த்தைதான் கடைசித் தீர்ப்பு. அதன் மேல் அப்பீல் கிடையாது.

அடுத்த முறை அந்த போன் வரும்போது, லேபுக்கு லேட்டானாலும் பரவாயில்லை, நின்று பேசுங்கள். "இப்போதைக்கு எதுவும் செய்ய வேணாம்பா, ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்துடுங்க, சனிக்கிழமை நான் வந்து பாக்குறேன்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்லவும் பத்து செகண்ட்தான் ஆகும்.